கதவில் ஒரு கன்னி

"எங்க வூட்டுக் கதவு என்னாமோ சொல்லுதுங்க. இன்னா சொல்லுதுன்னு கண்டுபுடிச்சுக் குடுக்கணும்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த அம்மாள் இப்படிச் சொல்லிவிட்டார்.

"எண்ண வுட்டுப் பாத்தீங்களா? கீலு காஞ்சு போனா எல்லாக் கதவும் பேசும்" என்றேன்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் அலுவலகம். துப்பறிவது தேவிப்ரியா மேடம். வேன் ஓட்டுவது, டீ வாங்குவது, திட்டு வாங்குவது கண்ணாயிரமாகிய நான். என் வாய் அவருக்குப் பிடிக்காது. அவர் மௌனம் எனக்குப் பிடிக்காது. ஆறு வருஷமாக வண்டி இப்படியே ஓடுகிறது.

வந்தவர் பெயர் பாப்பாத்தி. கூடவே வெள்ளை வேட்டியில் வந்து, உட்காராமல் கதவோரமே நின்றவர் அவர் கணவர் கொளஞ்சியப்பன். சின்னசேலம் பக்கம் பெரிய விவசாயக் குடும்பம்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் புது வூட்டுக்குக் கிரகப்பிரவேசம்" என்றார் பாப்பாத்தி. "வாசக்கதவு எங்கப்பா குடுத்த சீரு. திருநாவலூர்ல நான் பொறந்தப்ப வரப்புல வச்ச தேக்கங்கன்னு. நாப்பத்தஞ்சு வருசத்து மரம். இளவரசன்னு ஒரு தச்சர் தம்பிதான் செதுக்குச்சு. வேலைய முடிச்சுட்டுக் கெளம்பறப்ப, 'அக்கா, வாயால சொல்ல முடியாதத கதவுல எழுதிட்டேன்'னு சொல்லிட்டு வெள்ளிமலைக்குப் போயிடுச்சு. போன் போட்டா லைனே கெடைக்கல."

"அவன் ஒரு கிறுக்கன்ங்க" என்றார் கொளஞ்சியப்பன். "பூவுதான் செதுக்கியிருக்கான். இதுக்கெல்லாமா துப்பறியறது?"

"நீங்க செத்த சும்மா இருங்க. அதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரியாம நான் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள எனக்குத் தெரியணும்."

அன்று காலை எடுத்த கதவின் படத்தைத் தன் கைப்பேசியில் காட்டி, மேடத்துக்கும் அனுப்பிவைத்தார். இரட்டைக் கதவு. உச்சியில் கதவுக்கொரு பெரிய மயில். அதற்குக் கீழே இரண்டு கதவிலும் சேர்த்து வரிசைக்கு நான்கு கட்டம், ஐந்து வரிசை, மொத்தம் இருபது கட்டம். கட்டத்துக்குள் பூ, பூவின் மேல் பறவை. சிலதில் பூ மட்டும். சிலதில் பறவை மட்டும்.

"எழுத்து எங்கங்க இருக்குது? எனக்குத் தெரிஞ்சு பூவும் குருவியுந்தான்" என்றேன்.

மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "தாமர அஞ்சு தடவ வருது, கண்ணாயிரம். ஒண்ணு மேல கிளி, ஒண்ணு மேல மைனா, இன்னொண்ணு மேல கொக்கு. ரெண்டு தாமர மேல ஒண்ணுமே இல்ல. அழகுக்குச் செதுக்கறவன் இப்படி ஒழுங்கில்லாம செதுக்க மாட்டான். இது எழுத்துதான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பூவ மாத்தி வச்சிருக்கான். எந்த எழுத்துக்கு எந்தப் பூன்னு தெரிஞ்சா படிச்சிடலாம்."

கொளஞ்சியப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

கச்சிராயபாளையத்தில் ஆளுக்கு இரண்டு இட்லி, கோமுகி அணையைத் தாண்டி மலையேற்றம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் வேன் நின்று யோசித்துவிட்டுத்தான் ஏறியது. வெள்ளிமலையில் ஓர் அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையில், காதில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார் இளவரசன். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையெல்லாம் மரத்தூள்.

"பாப்பாத்தி அம்மா வூட்டுக் கதவுல இன்னாங்க எழுதியிருக்கீங்க?" என்றார் மேடம்.

இளவரசன் உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விரலை லேசாக விலக்கி, "அதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாதுன்னு மொதலாளி உளி மேல சத்தியம் வாங்கிட்டாருங்க. உளி மேல பண்ண சத்தியத்த மீறுனா உளியே கைய வெட்டிடும்" என்றார்.

"அந்த வெரல்ல இன்னா கட்டு?" என்றேன்.

"உளி வெட்டிடுச்சுங்க. அப்ப நான் ஒரு சத்தியமும் பண்ணல. அது வேற கணக்கு."

மேடம் பக்கத்தில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார். "சரி, கதவ வுடுங்க. அந்தப் பூவெழுத்தப் பத்திப் பேசலாமா? அதுக்கும் சத்தியம் உண்டா?"

"அதுக்கு இல்லீங்க!"

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்று வருஷமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார் பாவம்.

"மொதல்ல ஒரு எழுத்துக்குப் பதிலா அடுத்த எழுத்துன்னு வச்சேங்க. க-வுக்கு ங, ச-வுக்கு ஞ. எங்க வூட்டுக்காரி மணிமொழிக்கு அதுல ஒரு சீட்டு எழுதிக் குடுத்தேன். டீ கொதிக்கறதுக்குள்ள படிச்சுட்டா. 'இத்தினி ங எந்த ஊரு தமிழ்ல வருது? அடுத்த எழுத்த மாத்தி வச்சிருக்க, அதான'ன்றா. அப்புறம் நம்பர் போட்டுப் பாத்தேன். பூஜ ரூம் கதவுல நம்பர் செதுக்குனா எவன் ஒத்துப்பான்? அதான் பூவுக்கு வந்தேன். மெய்யெழுத்து பதினெட்டுக்குப் பதினெட்டு பூ. உயிரெழுத்து பன்னெண்டுக்குப் பன்னெண்டு பறவ. பூ மேல பறவ ஒக்காந்தா உயிர்மெய். பூ மட்டும் இருந்தா புள்ளி வச்ச எழுத்து. பறவ மட்டும் இருந்தா உயிரெழுத்து."

"ரொம்ப நல்லாருக்கு" என்றார் மேடம். அவர் என்னிடம் ஆறு வருஷத்தில் சொல்லாத வார்த்தை.

"க ஜாஸ்தி வருமுங்க. அதனால அதுக்குத் தாமர. கண்ண மூடிக்கினு செதுக்கிடுவேன். ஞ கம்மியாத்தான் வரும். அதுக்குத் தாழம்பூ. அதச் செதுக்க அர நாளு ஆவும். ஆனா பறவைலதான் மாட்டிக்கினேன். பத்துக்கு மேல எனக்குத் தெரியல. அணிலச் சேத்துக்கினேன்."

"அணில் எப்பங்க பறந்துச்சு?"

"தாவுதில்ல? ஔவுக்கு வௌவாலு. இதுவரைக்கும் ஒருக்கா கூட தேவப்படல."

பதினாறு வீட்டில் இப்படி எழுதி வைத்திருக்கிறாராம். ஒரு கட்டிலில் 'முதுகு வலிக்குது' என்று இருக்கிறது. ஓர் அலமாரியில் 'இந்த வூட்டுல காபி நல்லாருக்கும்' என்று இருக்கிறது. அந்த வீடு எது என்று நான் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

"எழுத்துக்கு எந்தப் பூன்னு எதுலயாவது வரஞ்சு வச்சிருக்கீங்களா?" என்றார் மேடம்.

கருவிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிளைவுட் துண்டை எடுத்தார் இளவரசன். பதினெட்டு பூவும் பன்னிரண்டு பறவையும், அணில் உட்பட, பக்கத்திலேயே எழுத்தோடு இருந்தன. கொடுக்கக் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"இதக் குடுக்கறது வாயத் தொறந்த மாதிரி ஆவாதுங்களே?"

"கையத்தான நீட்டறீங்க?"

அவர் உளியை ஒருமுறை பார்த்துவிட்டுத் துண்டைக் கொடுத்தார். "எடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம், மேலேர்ந்து கீழ. நாம எழுதற மாதிரியேதாங்க. அந்தக் கதவ அந்த அக்கா படிச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்றார்.

கோமுகி அணைக்கு இறங்கி, மீன் வறுக்கிற கடை ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். நான் படத்தைப் பார்த்து "அல்லி மேல குருவி, அடுத்து தாமர மட்டும்" என்று வரிசையாகச் சொல்ல, மேடம் பிளைவுட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். முடிந்ததும் இருவரும் பார்த்தோம்.

தே க் இ து
ல் ல கு அ
கை ம வே ங்
க் க ன் னி
ஐ யா வு ம்

"முதல் மூணு வரி பல்லு செட்டு கழண்டவன் பேசற மாதிரி இருக்குது" என்றேன். "ஆனா கடைசி ரெண்டு வரி..."

மேடம் பதில் சொல்வதற்குள் என் கைப்பேசி அடித்தது. அணைக்கரையில் சிக்னல் நன்றாகவே இருந்தது. கையெல்லாம் மீன் மசாலா என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எதுனா தெரிஞ்சுதாங்க?" பாப்பாத்தி அம்மாளின் குரல்.

"முழுசாத் தெரியலீங்க. கடைசில 'கன்னி'ன்னும் 'ஐயாவும்'னும் வருது" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கன்னியா?" என்றது போன். "ஊரே எங்க வூட்டுக்காரரத்தான் ஐயான்னு கூப்புடுது. யாருங்க அந்தக் கன்னி? இங்க வாங்க! தச்சன் கதவுல எழுதற அளவுக்கு இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?" ஏதோ ஓர் எவர்சில்வர் அண்டா தரையில் உருண்டது. அதைத் தாண்டி, தூரத்தில், கொளஞ்சியப்பன் பெருமூச்சு விடுவதும் பேசுவதும் தெளிவாகக் கேட்டன.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதானாவா? அஞ்சு மணி பஸ்ஸுக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். நாளைக்கு அந்தக் கன்னியவே பக்கத்துல ஒக்கார வச்சுக்கினு பால் காய்ச்சுங்க!"

லைன் கட்டானது. வறுத்த மீனைத் தள்ளி வைத்தேன். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்திருக்கிறேன். நிஜமாகவே மனசு உறுத்தியது.

"மேடம், நான் வேணும்னா..."

"நீ ஒண்ணும் வேணாம். அவர் மூச்சு வுட்டதக் கேட்டியா?" என்றார் மேடம். "ஒரு ஆம்பள மேல பொம்பளப் பழி வுழுந்தா மொதல்ல இன்னா செய்வான்?"

"இல்லவே இல்லன்னு குதிப்பான். எங்க மாமா கூரை வரைக்கும் குதிச்சாரு."

"இவரு 'அவ்ளோதானா'ன்றாரு. இத விடப் பெரிசா ஒண்ண எதிர்பாத்து பயந்துகினு இருந்திருக்காரு. அது வரலன்னதும் நிம்மதி." மேடம் படத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். "இதயும் சொல்லு. மேல இருக்கற மயிலுங்க எந்தப் பக்கம் பாக்குதுங்க?"

பார்த்தேன். இடது மயில் இடதுபக்கச் சுவரைப் பார்த்தது. வலது மயில் வலதுபக்கச் சுவரைப் பார்த்தது.

"சண்ட போட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி மூஞ்சத் திருப்பிக்கினு நிக்குதுங்க."

"புது வூட்டு வாசல்ல ஜோடி மயில எந்தத் தச்சனாவது முதுகோட முதுகா செதுக்குவானா?"

சொல்லிக்கொண்டே, எழுதிய தாளை மேலிருந்து கீழாக நடுவில் கிழித்தார். வலது பாதியை இடப்பக்கமும் இடது பாதியை வலப்பக்கமும் வைத்தார். படித்தார். அவர் புருவம் ஏறியது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் தாளைப் பைக்குள் போட்டுவிட்டார்.

"இன்னா மேடம் வந்துச்சு?"

"ஒன் காதுல வுழுந்தா அடுத்த நிமிசம் சின்னசேலத்துல இருக்கும். வண்டிய எடு. அஞ்சு மணிக்கு முன்னாடி போவணும்."

நாங்கள் போனபோது மணி நாலே முக்கால். வாழைமரம் கட்டியாகிவிட்டது. பந்தலில் சமையல்காரர்கள் அரிசி மூட்டைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசற்படிக்கு வெளியே, கையில் பையோடு, பாப்பாத்தி அம்மாள். இரண்டடி தள்ளி, வழக்கில் தோற்றவரைப் போல, கொளஞ்சியப்பன்.

"அம்மா, இந்தக் கதவ எடம் மாத்தி மாட்டச் சொன்னது யாரு?" என்றார் மேடம்.

"நாந்தான். முந்தாநேத்து" என்றார் பாப்பாத்தி. "அந்தத் தம்பி எடது கதவு மொதல்ல தொறக்கற மாதிரி மாட்டிட்டுப் போயிடுச்சு. எங்க திருநாவலூர் வூட்டுல வலது கதவுதான் மொதல்ல தொறக்கணும், வலது கால்தான் மொதல்ல வைக்கணும். ஃபிட்டரக் கூப்புட்டு கீலக் கழட்டி, இத அங்கயும் அத இங்கயும் மாட்டச் சொன்னேன்."

"அப்ப அந்தக் கன்னிய எழுதுனது நீங்கதாங்க" என்றேன்.

மேடம் இரண்டு தாள் பாதிகளையும் வெளியே எடுத்தார். கொளஞ்சியப்பன் பாய்ந்து வந்தார்.

"வேணாம்மா. கன்னின்னே இருந்துட்டுப் போவட்டும். பாப்பாத்தி, நான் ஒத்துக்கறேன். ஒரு கன்னி இருந்தா. தப்புதான்."

"பேரு இன்னா?" என்றார் பாப்பாத்தி.

கொளஞ்சியப்பன் திகைத்தார். பந்தலைப் பார்த்தார். வாழைமரத்தைப் பார்த்தார். அவர் கண் அரிசி மூட்டையில் போய் நின்றது.

"பொன்னி."

பாப்பாத்தி அம்மாளும் திரும்பி மூட்டையைப் பார்த்தார். பிறகு மேடத்தின் கையிலிருந்த தாள்களை வாங்கி, சேர்த்து வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

இ து தே க்
கு அ ல் ல
வே ங் கை ம
ன் னி க் க
வு ம் ஐ யா

"இது தேக்கு அல்ல... வேங்கை... மன்னிக்கவும், ஐயா."

பந்தலில் இருந்தவர்கள் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயான்றது இவர் இல்லீங்க" என்றார் மேடம் மெதுவாக. "மலையில கேட்டப்ப இளவரசன் இவர மொதலாளின்னுதான் சொன்னாரு. கதவுல இருக்கற ஐயா, மரத்தக் குடுத்தவரு. ஒங்கப்பா."

பாப்பாத்தி அம்மாள் கணவரை நேராகப் பார்த்தார். "எங்கப்பா குடுத்த மரம் எங்க?"

அவர் தரையைப் பார்த்தார். எந்தத் தரை பதில் சொல்லியிருக்கிறது?

"நைனார்பாளையம்" என்றார் பாப்பாத்தி, தனக்குத் தானே சொல்வதைப் போல. "தை மாசம் ஒங்க தங்கச்சி அம்சவள்ளி வூட்டுக் கிரகப்பிரவேசம். இன்னா மரம் இது, இப்படி வழவழன்னு இருக்குதேன்னு நானே தடவிப் பாத்தேன். நான்தாங்க அந்தக் கதவுக்குப் பொட்டு வச்சேன். என் மரத்துக்கு நானே பொட்டு வச்சு அடுத்தவ வூட்டுல வுட்டுட்டு வந்திருக்கேன்."

அந்த ஒரு நிமிஷம் எனக்கும் கிண்டல் வரவில்லை.

"அம்சவள்ளி கேட்டுச்சு, பாப்பாத்தி" என்றார் கொளஞ்சியப்பன். "மாட்டேன்னு சொல்ல முடியல. வேற தேக்கு பாத்து வச்சிடலாம்னு இருந்தேன். நாள் நெருங்கிடுச்சு. வேங்கைக்குப் பாலிஷ் போட்டா ஆருக்குத் தெரியும்னு நெனச்சேன். எங்க வேணாலும் போ, இந்த நேரத்துல திருநாவலூருக்கு மட்டும் போவாத."

"திருநாவலூருக்கு ஆரு போறா?" பாப்பாத்தி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒங்க வேன்ல கதவு படுக்குமா?"

"சீட்டக் கழட்டுனா படுக்கும்ங்க."

"கழட்டுங்க. நைனார்பாளையம் போவணும்."

அம்சவள்ளி லேசுப்பட்டவர் அல்ல. பாப்பாத்தி அம்மாள் தன் மரத்தைக் கேட்க, அண்ணன் அதற்குப் பதிலாக மாட்ட வேங்கைக் கதவை வேனிலிருந்து இறக்குவதைப் பார்த்ததும், தன் வாசலை மறித்து இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார்.

"இன்னா அண்ணி இது? அஞ்சு மாசமா என் வூட்டுல இருக்கற கதவு. இது ஒங்க மரம்னு எப்படிச் சொல்றீங்க? இதுல ஒங்க பேரா எழுதியிருக்குது?"

கொளஞ்சியப்பன் கையைப் பிசைந்தார். மேடம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலும் பூவேலை இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. உச்சியில் ஒரே வரிசை, ஐந்தே கட்டம்.

"இதச் செதுக்கினது யாரு?" என்றார் மேடம்.

"இளவரசன்தான்" என்றார் அம்சவள்ளி. "அதுக்கு இன்னா இப்ப?"

மேடம் கையை நீட்டினார். நான் ஓடிப்போய் வேனிலிருந்த பிளைவுட் துண்டை எடுத்து வந்தேன். அவர் அதைத் தான் வைத்துக்கொள்ளாமல் பாப்பாத்தி அம்மாளிடம் கொடுத்தார்.

முதல் கட்டமும் மூன்றாவது கட்டமும் ஒரே மாதிரி. செம்பருத்தி, அதன் மேல் புறா. நடுவில் செம்பருத்தி மட்டும். அடுத்து அல்லி மட்டும். கடைசியில் அல்லி, அதன் மேல் அணில். பாப்பாத்தி அம்மாள் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினார்.

"பா... ப்... பா... த்... தி."

அம்சவள்ளி பிளைவுட்டைப் பிடுங்கித் தானும் ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டு, வாசலைவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றார்.

பாப்பாத்தி அம்மாள் தன் பெயரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கணவரிடம் ஸ்குரூ டிரைவரை நீட்டினார்.

"சீக்கிரம் கழட்டுங்க. காலைல ஆறு மணிக்குப் பால் காய்ச்சணும்."